சுகாதார நிறுவனங்களில் நிதி முகாமைத்துவம்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
மேலதிக வாசிப்புப் பாடம் (இலாப நோக்கற்ற நிறுவனங்களின் கணக்குகள் என்னும் பகுதியுடன் சேர்த்துக் கற்கவும்)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்
• வைத்தியசாலை ஒன்றின் நிதி மூலங்களை இனங்காண்பீர்கள்.
• மீண்டெழும் செலவையும் மூலதனச் செலவையும் வேறுபடுத்துவீர்கள்.
• மருந்து இருப்பின் மீள்கட்டளை மட்டத்தைக் கணிப்பீர்கள்.
• வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் வருமானச் செலவுக் கணக்கைத் தயாரிப்பீர்கள்.
• கணக்கேட்டில் தோன்றாத செலவு யாரைச் சேர்கின்றது என விளக்குவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, ஒரு சில்லறைக் கடை நன்றாக நடக்கின்றதா என அறிவது எளிது. ஆண்டு முடிவில் இலாபமா நட்டமா எனப் பார்த்தால் போதும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையை அவ்வாறு மதிப்பிட முடியுமா? அங்கே நோயாளியிடம் சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. விற்பனை இல்லாத இடத்தில் இலாபமும் இல்லை. ஆனால் செலவு உண்டு. வைத்தியர், தாதியர், சிற்றூழியர் ஆகியோரின் சம்பளம், மருந்து, ஒட்சிசன், மின்சாரம், நோயாளரின் உணவு, சலவை, அம்புலன்ஸ் எரிபொருள் என ஒவ்வொன்றுக்கும் யாரோ பணம் செலுத்துகின்றனர்.

எனவே முதலில் ஒன்றை மனதிற் கொள்ளுங்கள். இலவசம் என்பது செலவில்லாதது என்று பொருள்படாது. சேவை பெறுபவர் அந்த இடத்தில் பணம் செலுத்துவதில்லை என்பதே அதன் பொருள். அச்செலவு பெரும்பாலும் மக்கள் செலுத்தும் வரியிலிருந்து வருகின்றது. சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் வாங்கும் ஏழைக் குடும்பமும் வரி செலுத்துகின்றது.

வரைவிலக்கணம்: சுகாதார நிறுவனமொன்று தனது சேவையைத் தடையின்றி வழங்குவதற்குத் தேவையான நிதியைத் திட்டமிடல், பெறுதல், பயன்படுத்தல், கட்டுப்படுத்தல், பொறுப்புக்கூறல் ஆகிய செயற்பாடுகளின் தொகுதியே சுகாதார நிறுவன நிதி முகாமைத்துவம் ஆகும்.

2. நிதி எங்கிருந்து வருகின்றது?

வைத்தியசாலைகள் யாவும் ஒரே வழியில் நிதி பெறுவதில்லை. பின்வரும் வகைகளை நினைவில் வைத்திருங்கள்.

(அ) வரிப்பணத்தில் இயங்குபவை: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மாகாண சபைகள் உருவாகின. மகிழடித்தீவு போன்ற பிரதேச வைத்தியசாலைகள் கிழக்கு மாகாண சுகாதாரச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. ஆகவே வாவியைச் சுற்றியுள்ள வைத்தியசாலைகளுக்கு இரண்டு வெவ்வேறு பாதீடுகளிலிருந்து பணம் வருகின்றது.

(ஆ) அரசுடைமையாயினும் கட்டணம் பெறுபவை: 1983ஆம் ஆண்டின் சட்டமொன்றின் மூலம் அமைக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை இதற்கு உதாரணமாகும்.

(இ) கூட்டுறவு வைத்தியசாலைகள்: யாழ்ப்பாணத்து மூளாய் கூட்டுறவு வைத்தியசாலை இவ்வகையைச் சேர்ந்தது. அங்கத்தவரின் பங்குப்பணம், கட்டணம், நன்கொடை என்பன இதன் மூலங்கள்.

(ஈ) தனியார் வைத்தியசாலைகள்: உரிமையாளரின் மூலதனம், வங்கிக் கடன், நோயாளரின் கட்டணம் ஆகியவற்றில் இயங்குகின்றன. இலாபம் இவற்றின் நோக்கங்களுள் ஒன்று.

(உ) நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனங்கள்: தமிழ்நாட்டில் மதுரையிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை சிறந்த உதாரணம். அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் இதனை ஆரம்பித்தார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைக்கும் மிகையைக் கொண்டு, செலுத்த இயலாதோருக்கு இலவசமாக அல்லது மிகக் குறைந்த கட்டணத்தில் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. இறக்குமதி செய்த கண்வில்லைகள் விலை அதிகமாயிருந்தபடியால் 1992இல் ஆரோலாப் என்னும் தனது உற்பத்திப் பிரிவைத் தொடங்கி, அவற்றை மிகக் குறைந்த விலையில் தயாரித்தது. இங்கு மிகை என்பது நோக்கம் அன்று, சேவைக்கான கருவி.

3. பாதீடும் செலவு வகைகளும்

அரச வைத்தியசாலையின் நிதியாண்டு சனவரி 1 முதல் திசெம்பர் 31 வரையாகும். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையின்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கு உரியது. ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறிய பின்னரே அமைச்சுகள் அந்த ஆண்டுக்கான பணத்தைச் செலவிடலாம்.

செலவுகள் இரு வகைப்படும்.

மீண்டெழும் செலவு: ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப ஏற்படுவது. உதாரணம்: சம்பளம், மருந்து, மின்சாரம், எரிபொருள், திருத்த வேலை.

மூலதனச் செலவு: ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட பயன் தருவது. உதாரணம்: புதிய விடுதிக் கட்டடம், கதிர்ப்பட இயந்திரம், அம்புலன்ஸ் வண்டி.

இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காவிடின் என்ன நேரும்? ஓர் இயந்திரத்தை வாங்குவது மூலதனச் செலவு. அதனை இயக்க ஊழியர், மின்சாரம், பராமரிப்பு ஒப்பந்தம், உதிரிப்பாகம் என்பன ஆண்டுதோறும் மீண்டெழும் செலவைக் கொண்டுவரும். நன்கொடையாகக் கிடைத்த இயந்திரத்துக்கும் இது பொருந்தும். மீண்டெழும் செலவுக்கு ஒதுக்கீடு இல்லையெனில் அவ்வியந்திரம் துணியால் மூடப்பட்டு மூலையில் கிடக்கும். நோயாளி அதே பரிசோதனையைத் தனியாரிடம் பணம் கொடுத்துச் செய்ய நேரிடும்.

கவனத்திற்கு: வியாபாரத்தில் செலவிடாத பணம் அடுத்த ஆண்டுக்குத் தொடரும். அரச ஒதுக்கீட்டில் ஆண்டு முடிவுக்குள் செலவிடப்படாத தொகை காலாவதியாகிவிடும். எனவே ஆண்டின் தொடக்கத்திலேயே கொள்வனவைத் திட்டமிடுவது அவசியம். திசெம்பரில் அவசரமாகச் செலவிடுவது சிறந்த முகாமைத்துவம் ஆகாது.

4. மருந்து இருப்பு முகாமைத்துவம்

அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துகள் பெரும்பாலும் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவினூடாக வருகின்றன. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இதற்கான முக்கிய கொள்வனவு நிறுவனமாகும். பேராசிரியர் சேனக பிபிலே இக்கூட்டுத்தாபனத்தின் உருவாக்கத்தில் முன்னின்றார். வைத்தியசாலைகள் தமது ஆண்டுத் தேவையை மதிப்பிட்டு முற்கூட்டியே அனுப்புகின்றன. மதிப்பீடு குறைந்தால் மருந்து முடிந்துவிடும், கூடினால் காலாவதியாகிவிடும். இரண்டும் இழப்பே.

மீள்கட்டளை மட்டம் = (நாளாந்தப் பாவனை × விநியோகக் காலம்) + பாதுகாப்பு இருப்பு

உதாரணம் 1 (தரவுகள் பயிற்சிக்கானவை)
நீரிழிவுக்கான ஒரு மாத்திரையின் நாளாந்தப் பாவனை 600. கட்டளையிட்டு மருந்து வந்து சேர 21 நாட்கள் செல்லும். பாதுகாப்பு இருப்பு 10 நாட்களுக்கு உரியது.

மீள்கட்டளை மட்டம் = (600 × 21) + (600 × 10) = 12,600 + 6,000 = 18,600 மாத்திரைகள்

இனி எமது பிரதேசத்தை நினைத்துப் பாருங்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வடகீழ்ப் பருவக்காற்று மழை கடுமையாகும்போது படுவான்கரையின் வீதிகள் பல நீரில் மூழ்குகின்றன. 2011 சனவரியில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்டது. மழைக்காலத்தில் விநியோகக் காலம் 30 நாட்களாக நீளும் எனக் கொண்டால்:

மீள்கட்டளை மட்டம் = (600 × 30) + 6,000 = 24,000 மாத்திரைகள்

அதாவது ஒக்தோபர் மாதத்திலேயே 5,400 மாத்திரைகள் மேலதிகமாக இருக்க வேண்டும். சூத்திரம் எல்லா இடத்துக்கும் ஒன்றே. அதிற் பிரதியிடும் எண்கள் இடத்தையும் காலத்தையும் பொறுத்தவை.

களஞ்சியத்தில் பின்பற்ற வேண்டிய விதிகள்:
1. முதலில் காலாவதியாகும் மருந்தை முதலில் வழங்குதல். முதலில் வந்ததை முதலில் வழங்கும் முறை மருந்துக்குப் போதாது; பிந்தி வந்த பெட்டி முந்திக் காலாவதியாகலாம்.
2. ஒவ்வொரு வரவையும் வழங்கலையும் உடனுக்குடன் இருப்புப் பதிவட்டையில் பதிதல்.
3. கட்டளையிடுபவர், பொருளைப் பொறுப்பேற்பவர், கொடுப்பனவை அங்கீகரிப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருத்தல். இது உள்ளகக் கட்டுப்பாட்டின் அடிப்படை.
4. நன்கொடையாக வந்த மருந்தையும் கொள்வனவு செய்த மருந்தைப் போலவே பதிதல்.

ஒதுக்கீடும் காசும் ஒன்றல்ல: 2022 ஏப்ரல் 12இல் இலங்கை தனது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை இடைநிறுத்துவதாக அறிவித்தது. எமது மருந்துகளிற் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுவது. பாதீட்டில் ரூபா ஒதுக்கப்பட்டிருந்தும், செலுத்துவதற்கு வெளிநாட்டு நாணயம் போதாமையால் அவ்வாண்டு நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது. திட்டத்தில் எழுதிய தொகை வேறு, உரிய நேரத்தில் உரிய நாணயத்தில் கையில் இருக்கும் காசு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

5. ஓர் அலகுக்கான செலவு

உதாரணம் 2 (தரவுகள் பயிற்சிக்கானவை)
ஒரு கிராமத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவின் நாளாந்த நிலையான செலவு ரூபா 30,000. ஒரு நோயாளிக்கான மாறும் செலவு ரூபா 200.

60 நோயாளர் வரும் நாளில்: 30,000 + (60 × 200) = 42,000
ஒருவருக்கான செலவு = 42,000 ÷ 60 = ரூபா 700

120 நோயாளர் வரும் நாளில்: 30,000 + (120 × 200) = 54,000
ஒருவருக்கான செலவு = 54,000 ÷ 120 = ரூபா 450

எண்ணிக்கை கூடும்போது ஒருவருக்கான நிலையான செலவு குறைகின்றது. சாதாரண காய்ச்சலுக்கும் மக்கள் அருகிலுள்ள வைத்தியசாலையை விட்டு நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குச் செல்லும்போது, சிறிய வைத்தியசாலையில் அலகுச் செலவு உயர்கின்றது; பெரிய வைத்தியசாலையில் நெரிசல் உண்டாகின்றது.

“அப்படியானால் சிறிய வைத்தியசாலையை மூடிவிட்டால் செலவு குறையுமே!” எனச் சிலர் கூறலாம். இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். அடுத்த பகுதியை வாசியுங்கள்.

6. கணக்கேட்டில் தோன்றாத செலவு

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்விடத்தில் வாவியைக் கடக்க “பாதை” எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். அந்தக் காத்திருப்பும் பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் எந்த வைத்தியசாலையின் கணக்கேட்டிலும் பதியப்பட்டதில்லை. ஆனால் அவை உண்மையான செலவுகளே.

உதாரணம் 3 (தரவுகள் பயிற்சிக்கானவை)
மருந்து போதாமையால், ஒரு மாதத்துக்கு வழங்கும் மாத்திரைகளை இரு வாரங்களுக்கு மாத்திரம் வழங்க ஒரு வைத்தியசாலை முடிவு செய்கின்றது. நோயாளி மாதம் ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை வரவேண்டும். போய்வரும் பஸ் கட்டணம் ரூபா 300. இழக்கும் நாட்கூலி ரூபா 2,700.

ஒரு மேலதிகப் பயணத்தின் செலவு = ரூபா 3,000
ஓர் ஆண்டில் ஒரு நோயாளிக்கு = 3,000 × 12 = ரூபா 36,000
100 நோயாளருக்கு = ரூபா 3,600,000

வைத்தியசாலையின் கணக்கில் இந்த 36 இலட்சம் ரூபா எங்கும் இல்லை. அங்கே எல்லாம் சீராகவே தோன்றும். செலவு குறையவில்லை, நோயாளியின் பைக்கு இடம் மாறியது. அதைத் தாங்க இயலாதவர் வருவதை நிறுத்திவிடுவார். நீரிழிவு மருந்தை நிறுத்தியவர் சில ஆண்டுகளின் பின் சிறுநீரகப் பாதிப்புடனோ ஆறாத காற்புண்ணுடனோ விடுதியில் அனுமதிக்கப்படலாம். அப்போது வைத்தியசாலைக்கும் செலவு பன்மடங்காகும்.

இலவச சிகிச்சை உள்ள எமது நாட்டிலும், உலக சுகாதார நிறுவனத்தின் அண்மைய ஆண்டுகளின் கணிப்புகளின்படி, சுகாதாரச் செலவில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டதை மக்கள் தமது கைப்பணத்திலிருந்தே செலுத்துகின்றனர். தனியார் வைத்தியர், மருந்தகம், பரிசோதனைக்கூடம் ஆகியவற்றுக்குச் செலுத்தும் பணம் இதில் அடங்கும். 1971இல் அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் கட்டணம் அறவிடப்பட்டது. அந்தச் சிறு தொகையும் வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்தது. 1977இல் அது கைவிடப்பட்டது.

எனவே சுகாதார நிறுவனத்தின் நிதி முகாமைத்துவத்தை அளக்கும் கோல் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் என்பதன்று. செலவிட்ட பணத்துக்கு எவ்வளவு சேவை கிடைத்தது, அச்சேவை தடையின்றிக் கிடைத்ததா, செலவு நோயாளி மீது தள்ளப்பட்டதா என்பவையே சரியான கேள்விகள்.

7. செய்முறைக் கணக்கு

அரச வைத்தியசாலைகளோடு இணைந்து இயங்கும் அபிவிருத்திச் சங்கங்கள் ஊர்மக்களின் பணத்தைச் சேகரித்துச் சிறு தேவைகளை நிறைவேற்றுகின்றன. வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் அத்தகைய சங்கத்தின் விபரங்கள் (கற்பனைத் தரவு) கீழே தரப்பட்டுள்ளன.

31.12.2023இல் முடிவடைந்த ஆண்டுக்கான பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு (ரூபா)

பெறுவனவுகள்
காசு மீதி 01.01.2023 – 40,000
அங்கத்தவர் சந்தா – 96,000
நன்கொடை – 150,000
கலைவிழா நுழைவுச்சீட்டு விற்பனை – 84,000
மொத்தம் – 370,000

கொடுப்பனவுகள்
கலைவிழாச் செலவு – 30,000
சக்கர நாற்காலிகள் 4 (01.01.2023இல் வாங்கியவை) – 120,000
மின்பிறப்பாக்கி எரிபொருள் – 45,000
திருத்த வேலைகள் – 60,000
தபாலும் எழுதுகருவிகளும் – 12,000
காசு மீதி 31.12.2023 – 103,000
மொத்தம் – 370,000

மேலதிகத் தகவல்கள்
1. 2023க்குரிய சந்தா ரூபா 8,000 இன்னும் கிடைக்கவில்லை.
2. திருத்த வேலைக்கு ரூபா 15,000 செலுத்த வேண்டியுள்ளது.
3. சக்கர நாற்காலிகளுக்கு ஆண்டுக்கு 20% பெறுமானத் தேய்வு.

31.12.2023இல் முடிவடைந்த ஆண்டுக்கான வருமானச் செலவுக் கணக்கு (ரூபா)

வருமானம்
சந்தா (96,000 + 8,000) – 104,000
நன்கொடை – 150,000
கலைவிழா தேறிய வருமானம் (84,000 – 30,000) – 54,000
மொத்த வருமானம் – 308,000

செலவு
எரிபொருள் – 45,000
திருத்த வேலைகள் (60,000 + 15,000) – 75,000
தபாலும் எழுதுகருவிகளும் – 12,000
பெறுமானத் தேய்வு (120,000 × 20%) – 24,000
மொத்தச் செலவு – 156,000

மிகை – 152,000

மிகை ரூபா 152,000 ஆயினும் காசு மீதி ரூபா 63,000 மாத்திரமே அதிகரித்துள்ளது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து “மீதி ரூபா 89,000 எங்கே?” எனக் கேட்டால், கணக்கு வைத்திருப்பவர் அஞ்சாமல் விடையளிக்க முடிய வேண்டும்.

சக்கர நாற்காலிகளின் ஏட்டுப் பெறுமதி (120,000 – 24,000) – 96,000
கூட்டுக: கிடைக்க வேண்டிய சந்தா – 8,000
கழிக்குக: செலுத்த வேண்டிய திருத்தச் செலவு – (15,000)
வேறுபாடு – 89,000

பணம் காணாமற் போகவில்லை, சொத்தாக மாறியுள்ளது. இவ்வாறு எடுத்துக்காட்ட முடியாத சங்கத்துக்கு அடுத்த ஆண்டு நன்கொடை கிடைப்பது கடினம்.

8. பொறுப்புக்கூறல்

அமைச்சொன்றின் செயலாளரே அதன் பிரதம கணக்கீட்டு உத்தியோகத்தர் ஆவார். அரச நிறுவனங்களின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையின் கீழ் கணக்காய்வு செய்கின்றார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இப்பணியை மேலும் வலுப்படுத்தியது. அவரது அறிக்கைகள் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படுகின்றன.

9. மாதிரி வினாக்களும் விடைக் குறிப்புகளும்

(1) பின்வருவனவற்றுள் மூலதனச் செலவு எது?
1. அம்புலன்ஸ் எரிபொருள் 2. தாதியர் சம்பளம் 3. புதிய கதிர்ப்பட இயந்திரம் 4. கூரைத் திருத்தம்
விடை: 3

(2) நாளாந்தப் பாவனை 250, விநியோகக் காலம் 14 நாட்கள், பாதுகாப்பு இருப்பு 1,500 எனின் மீள்கட்டளை மட்டம் யாது?
விடை: (250 × 14) + 1,500 = 5,000

(3) மருந்துக் களஞ்சியத்தில் முதலில் வந்ததை முதலில் வழங்கும் முறை ஏன் போதாது?
விடைக் குறிப்பு: பிந்தி வந்த மருந்து முந்திக் காலாவதியாகலாம், எனவே காலாவதித் திகதியின்படி வழங்க வேண்டும்.

(4) “ஒருவருக்கான செலவு அதிகமாக உள்ளமையால் கிராமத்து வைத்தியசாலையை மூட வேண்டும்.” இக்கூற்றை ஆராய்க.
விடைக் குறிப்பு: அலகுச் செலவு உயர்வதற்கு நோயாளர் எண்ணிக்கை குறைவதும் காரணம் எனக் காட்டுக. மூடினால் நிலையான செலவில் ஒரு பகுதி மிச்சமாகும் என்பதை ஏற்றுக்கொள்க. பின்னர் பயணச் செலவு, நாட்கூலி இழப்பு, சிகிச்சை தாமதமாதல், பெரிய வைத்தியசாலையின் நெரிசல் ஆகியவற்றை எடுத்துக் கூறுக. சேவையை மேம்படுத்தி எண்ணிக்கையைக் கூட்டுதல் ஒரு மாற்று வழி எனக் குறிப்பிட்டு முடிவு கூறுக.

பரீட்சைக் குறிப்பு: நான்காவது வினா போன்றவற்றுக்கு விடையளிக்கும்போது வைத்தியசாலையின் செலவை ஒரு நிரலிலும் நோயாளியின் செலவை மற்றொரு நிரலிலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் நிரலை மாத்திரம் கூட்டி விடை எழுதுபவர் பாதிக் கணக்கையே செய்தவராவார்.